பத்திரம் முதல் பரண் வரை: பூர்வீக வீட்டை விற்குமுன் காலி செய்வது எப்படி?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே பெங்களூரிலிருந்து. பெற்றோர் காலமான பின் பூட்டிக் கிடக்கும் வீடு, உள்ளே நாற்பது ஐம்பது வருஷச் சாமான், வாசலில் காத்திருக்கும் புரோக்கர். வீடு காலி செய்யும் வேலையும் பத்திர வேலையும் தெரிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

அம்மா சென்ற வருஷம் தவறினார்; அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன் அமெரிக்காவில், நான் சென்னையில், தங்கை மைசூரில். மூவரும் பத்து நாள் லீவு போட்டு வருகிறோம். எந்த அறையிலிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, மல்லேஸ்வரம்

எந்த அறையிலிருந்தும் வேண்டாம், காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதல் மூன்று நாள் ஒரு பாத்திரம்கூட வாசலைத் தாண்டக் கூடாது, பழைய சாமானை எடைக்கு வாங்கும் குஜிரிக்காரருக்குப் போன் போகக் கூடாது. வீடு காலி செய்வதில் பெரிய நஷ்டம் எல்லாம் முதல் நாளிலேயே நடக்கிறது. பழைய பேப்பர் கட்டோடு தாய்ப் பத்திரம் எடைக்குப் போய்விடும், கிழிந்த ரவிக்கைத் துணி மூட்டையோடு காசுமாலை போய்விடும்.

வீட்டிலுள்ள ஒவ்வொரு காகிதத்தையும் ஒரே அறைக்குக் கொண்டுவாருங்கள். பீரோவின் உள் லாக்கர், அதன் இழுப்பறைக்கு அடியிலும் பின்னாலும் உள்ள இடைவெளி, சாமி படங்களின் பின்பக்க அட்டை, பழைய பஞ்சாங்கங்கள், கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கும் பை, டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழ், மெத்தை உறை, அரிசி டின், பரணில் இருக்கும் பழைய சூட்கேஸ். அந்தத் தலைமுறை முக்கியமானவற்றை இங்கெல்லாம்தான் வைத்தது. புத்தகங்களை முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுங்கள். புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்.

சேர்ந்த காகிதத்தை மூன்றாகப் பிரித்தால் போதும். முதல் கட்டு வீடு சம்பந்தப்பட்டது: கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், கத்தா (மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவேட்டுச் சான்று), வரி ரசீது, பிளான், பழைய வில்லங்கச் சான்று, பெஸ்காம் (மின்சார நிறுவனம்) மற்றும் குடிநீர் வாரிய பில்கள். பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) ஒதுக்கிய மனையாக இருந்தால் ஒதுக்கீட்டுக் கடிதம், லீஸ்-கம்-சேல் ஒப்பந்தம், பொசஷன் சான்று, அப்சல்யூட் சேல் டீட் நான்கும் வேண்டும். ஜெயநகர் போன்ற பழைய பேட்டைகளில் 1976-க்கு முந்தைய காகிதத்தில் சி.ஐ.டி.பி. என்று இருக்கும், பி.டி.ஏ.வுக்கு முன் இருந்த அமைப்பு அது, எனவே தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது கட்டு பணம்: பாஸ்புக், ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது, தபால் ஆபீஸ் சான்றிதழ், எல்.ஐ.சி. பாலிசி, காகித வடிவப் பங்குகள். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும், ஆனால் வாரிசு கேட்டால் திரும்ப வரும். ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காத பங்குகள் ஐ.இ.பி.எஃப். என்ற அரசு நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும். அவற்றையும் விண்ணப்பித்து மீட்கலாம். எண்பதுகளில் வாங்கிய பத்துப் பங்கு போனஸ், ஸ்ப்ளிட் என்று பெருகியிருந்தால், வீட்டிலுள்ள மொத்தப் பித்தளையையும்விட அதிகம் பெறும். மூன்றாவது கட்டு மிச்சமெல்லாம். அதிலும் ஆதார், பான், கணக்கு எண் உள்ளதைக் கிழித்துத்தான் போட வேண்டும்.

நான்காவது நாளிலிருந்து சாமான். மூன்று நிற ஸ்டிக்கர் வாங்குங்கள், ஆளுக்கு ஒரு நிறம். அவரவர் தனியாக வீட்டைச் சுற்றி, வேண்டியதில் ஒட்டட்டும். ஒரே பொருளில் இரண்டு நிறம் விழுந்தால் மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும். மொத்த வீட்டையும் பேசிப் பிரிக்க உட்கார்ந்தால் பத்து நாளும் பேச்சிலேயே போகும். நகையையும் வெள்ளியையும் இந்த ஸ்டிக்கர் ஆட்டத்தில் சேர்க்காதீர்கள். அவற்றை எடைபோட்டு, படமெடுத்து, மூவரும் கையெழுத்திட்ட பட்டியலோடு தனியாகப் பங்கு போடுங்கள்.

30-க்கு 40 அடி மனையில் இரண்டு படுக்கையறை, பரண் நிறையச் சாமான் உள்ள வீட்டுக்கு டாடா ஏஸ் வண்டியில் நாலைந்து நடை ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் போதும். ஆனால் அண்ணன் ஊர் திரும்புமுன் பவர் ஆஃப் அட்டர்னியை இங்கேயே பதிவு செய்துவிடுங்கள். அமெரிக்காவில் போய் எழுதினால் இந்தியத் தூதரகச் சான்றோ அப்போஸ்டிலோ வாங்கி அனுப்ப வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அவர் வெளிநாட்டுவாசி என்பதால் அவர் பங்கில் வாங்குபவர் பிடிக்கும் டி.டி.எஸ். அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித் துறையில் முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வீட்டை முழுக்கத் தேடியும் ஒரிஜினல் கிரயப் பத்திரம் கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் மட்டும் இருக்கிறது. கத்தா இன்னும் அப்பா பெயரில்தான். விற்க முடியுமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

முடியும், ஆனால் நேரம் பிடிக்கும். அப்பா வீட்டுக் கடனோ தொழில் கடனோ வாங்கியிருந்தாரா என்று முதலில் பாருங்கள். கடன் முடிந்தும் பத்திரத்தைத் திரும்ப வாங்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் அடமானம் பதிவாகியிருந்தால் தெரியும். அங்கே 2004 ஏப்ரலுக்குப் பிந்தைய பதிவுகள்தான் ஆன்லைனில் வரும், அதற்கு முந்தியதை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். சான்று 15-ஆம் படிவத்தில் வந்தால் பரிவர்த்தனை இருக்கிறது, 16-ஆம் படிவம் வந்தால் எதுவும் இல்லை. கூட்டுறவு சொசைட்டியில் வைத்த பத்திரம் சான்றில் தெரியாமலும் போகலாம், எனவே பழைய பாஸ்புக்குகளில் மாதத் தவணை போன தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உண்மையிலேயே தொலைந்திருந்தால் போலீஸில் தொலைந்த பொருள் புகார், இரண்டு நாளிதழில் பொது அறிவிப்பு, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸிலிருந்து சான்றிட்ட நகல். இந்த மூன்றும் சேர்ந்த கோப்பைப் பெரும்பாலான வக்கீல்கள் ஏற்பார்கள். வாங்குபவர் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்தால் அந்த வங்கியின் வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில வங்கிகள் நகலுக்குக் கடன் தருவதில்லை.

கத்தா வாரிசுகள் பெயருக்கு மாறாமல் விற்பனை நகராது. 2024 அக்டோபரிலிருந்து பெங்களூர் மாநகராட்சி எல்லையில் இ-கத்தா இல்லாமல் பத்திரம் பதிவாவதில்லை. இறப்புச் சான்றோடு நாடகச்சேரியில் (வருவாய்த் துறையின் சேவை மையம்) கிடைக்கும் வம்ச விருட்சச் சான்று (குடும்ப வாரிசுப் பட்டியல்) வேண்டும். அதில் ஒரு வாரிசின் பெயர் விட்டுப்போனால் மொத்தமும் திரும்ப முதலிலிருந்து. கல்யாணமாகிப் போன அக்கா தங்கை, இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள், அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அந்தப் பாட்டி என எல்லோரும் வாரிசுதான். இறப்புச் சான்றில் பத்துப் பிரதிகளாவது வாங்கி வையுங்கள். அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். நம்மவர்களுக்கு இனிஷியல்தான் வில்லன். பத்திரத்தில் முன்னால், ஆதாரில் பின்னால், சான்றில் விரித்து எழுதியிருக்கும்.

அண்டா, தவலை, குத்துவிளக்கு, உருளி எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோ தேறும். வாசலுக்கு வந்தவர் "எல்லாம் பித்தளை ரேட்தான்" என்கிறார். சரியா?
– வாசகி, அல்சூர்

சரியில்லை. ஒரே ரேட் என்று சொல்பவர், அந்தக் குவியலில் பித்தளையைவிட விலை கூடியது இருப்பதைப் பார்த்துவிட்டார்.

நீங்களே பிரியுங்கள். முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு, மேலே முலாம் மட்டும். அடுத்து அடிப்பக்கத்தில் மறைவான இடத்தில் அரத்தால் லேசாக ஒரு கீறு. சிவந்தால் செம்பு, மஞ்சளானால் பித்தளை. வெண்கலம் மங்கிய பழுப்பு மஞ்சள், தொங்கவிட்டுத் தட்டினால் மணிபோல நாதம் நீண்டு நிற்கும். பித்தளையின் ஓசை சட்டென்று அடங்கிவிடும். பழைய சோற்றுப் பானையும் உருளியும் பெரும்பாலும் வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை என்பதால் பித்தளையைவிட விலை அதிகம், கீழே போட்டால் விரிசல் விடும் என்பதால் வண்டியில் ஏற்றும்போது துணி சுற்றி வையுங்கள்.

பெரும்பாலோர் ஏமாறுவது ஈயச்சொம்பில். கறுத்து, நசுங்கி, அலுமினியம் மாதிரி கிடக்கும். குஜிரிக்காரர் அலுமினியக் குவியலிலேயே போடுவார். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம், உலகச் சந்தையில் செம்பைவிடவும் விலை கூடிய உலோகம். ஆனால் காரீயம் கலந்த சொம்பும் உண்டு. வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடுபோல அழுத்தமாகக் கறுப்பு விழுந்தால் காரீயம் கலந்தது. அதை யாருக்கும் ரசம் வைக்கக் கொடுத்துவிடாதீர்கள். சுத்த வெள்ளீயமாக இருந்தால், அதை அடுப்பில் வெறுமனே வைக்கக் கூடாது என்று எடுத்துப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். 232 டிகிரியில் உருகி ஓடிவிடும்.

கழிவு எங்கே பிடிப்பார்கள் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இரும்புக் கைப்பிடி, உள்ளே பூசிய ஈயம், குத்துவிளக்கின் அடிப்பாகத்தில் நிரப்பிய அரக்கு, மணல் அல்லது இரும்புக் கம்பி. விளக்கை அடுக்கடுக்காகத் திருகிக் கழற்றி அடிப்பாகத்தை மட்டும் தனியாக நிறுக்கச் சொல்லுங்கள், அப்போது கழிவு அதோடு நின்றுவிடும். 50 கிலோ வரை தாங்கும் டிஜிட்டல் தொங்கு தராசு சில நூறு ரூபாய்தான். அதில் நீங்கள் முதலில் நிறுத்து, எண்ணை ஒவ்வொரு மூட்டையிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டால், வந்தவரின் தராசும் ஒழுங்காக வேலை செய்யும்.

மூன்று பேருக்குப் போன் போட்டு ஒரே நாளில் ரேட் கேளுங்கள். உலோக விலை தினம் மாறும். போன வார ரேட்டை வைத்துச் சண்டை போட முடியாது. மொத்தமாக இருந்தால் ஜாலி மொஹல்லா, சிவாஜிநகர் குஜிரிக் கடைகளுக்கே ஒரு நடை போய்வருவது லாபம். எடைக்குப் போடுமுன் உருளி, நாச்சியார்கோயில் விளக்கு, வெற்றிலைப் பெட்டி, கூஜா, பெரிய சாவி போட்ட பித்தளைப் பூட்டு ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். இவை எடைக்கு அல்ல, உருப்படிக்கு விலை போகும். தாத்தா பெயர் வெட்டியிருந்தால் உருக்கும் விலையில் எதுவும் குறையாது, அலங்காரத்துக்கு வாங்குபவர்கள் அதற்காகவே எடுப்பதும் உண்டு.

அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றுக்கும் வாங்க ஆள் தேட வேண்டாம். தோட்டம், ரிசார்ட் வைத்திருப்பவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனாலே லாபம்.

அம்மாவின் பட்டுப்புடவைகள் முப்பதுக்கு மேல். மடிப்பில் விட்டுப்போயிருக்கின்றன. தெருவில் வருபவர் ஒரு புடவைக்கு ஐந்நூறு என்கிறார்.
– வாசகி, ஜெயநகர்

புடவையின் விலை இப்போது ஜரிகையில்தான் இருக்கிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன்மேல் தங்க முலாம் பூசியது. தலைப்பு முனையில் தொங்கும் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை உலோகமும் நடுவில் சிவப்புப் பட்டு நூலும் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். செம்பு நிறம் தெரிந்தால் அது டெஸ்டட் ஜரிகை. தீக்குச்சியில் காட்டியதும் சுருண்டு உருகினால் பிளாஸ்டிக், அதற்கு ஐந்நூறே அதிகம்.

அம்மாவிடம் மைசூர் சில்க் இருந்தால் அதைத் தனியே வையுங்கள். அதை நெய்யும் கர்நாடக அரசு நிறுவனமான கே.எஸ்.ஐ.சி.யின் புடவை ஜரிகையில் 65 சதம் வெள்ளியும் 0.65 சதம் தங்கமும் இருப்பதாக அந்நிறுவனமே சொல்கிறது. கனமான ஜரிகை போட்ட ஒரு பழைய புடவை ஐந்நூறைப் போலப் பல மடங்கு பெறும். அளக்கும் மெஷின் உள்ள கடைக்குக் கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் சோதித்து வெள்ளியின் சதவீதத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். சிக்பேட்டை, நகரத்பேட்டை வட்டாரத்தில் ஜரிகை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே பார்டரை வெட்டிக்கொண்டு போகாதீர்கள். நல்ல நிலையில் உள்ள பார்டரை வேறு துணியில் ஏற்றி வாங்குபவர்களும் உண்டு, அவர்களுக்கு முழுப் புடவை வேண்டும். பேத்திகளுக்கு வேண்டுமானால் ஒன்றிரண்டு எடுத்து, மடிப்பை மாற்றி வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள். பூச்சி உருண்டையை ஜரிகையில் படும்படி போடாதீர்கள்.

தாத்தா ராணுவத்தில், எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) இருந்தவர். பரணில் ஒரு துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன. ஹாலில் மான் கொம்பு. டிரங்குப் பெட்டியில் பழைய ஐந்நூறு ரூபாய்க் கட்டு, விக்டோரியா, ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள், சில 2000 ரூபாய் நோட்டுகள். என்ன செய்வது?
– வாசகர், மர்ஃபி டவுன்

துப்பாக்கியை இன்றே பாருங்கள். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். நீங்களாகக் காரில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். தோட்டாக்களும் அதோடு போக வேண்டும். ஒப்படைத்த ரசீதைப் பத்திரக் கோப்பிலேயே வையுங்கள். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கவும் முடியும்.

மான் கொம்பை விற்கவோ பரிசாகக் கொடுக்கவோ கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. உரிமைச் சான்றிதழ் காகிதக் கட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் உள்ள வனத்துறைத் தலைமை அலுவலகமான அரண்ய பவனில், வக்கீல் எழுதிய கடிதத்தோடு விசாரியுங்கள். யானைத் தந்தத்துக்கும் புலித்தோலுக்கும் இதே வழிதான். 'ஆண்டிக் வாங்குகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் படம் கேட்பவருக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

பழைய ஐந்நூறு, ஆயிரம் இனி எங்கேயும் மாறாது. 2017-இல் வந்த சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. கட்டாக இருந்தால் வக்கீலைக் கலந்து முடிவெடுங்கள், 'கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன்' என்பவரிடம் போகாதீர்கள். 2000 ரூபாய் நோட்டு வேறு கதை. 2023-இல் புழக்கத்திலிருந்து எடுத்தார்களே தவிர அது இன்னும் செல்லும். நிருபதுங்கா சாலையில் உள்ள ரிசர்வ் வங்கியில் மாற்றலாம், தபால் ஆபீஸ் வழியாக அனுப்பி வங்கிக் கணக்கிலும் வரவு வைக்கலாம்.

வெள்ளி ரூபாயில் வருஷத்தைப் பாருங்கள். 1939 வரை அச்சிட்டவை 91.7 சதம் வெள்ளி, எடை 11.66 கிராம். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1946, 47-இல் வந்தது நிக்கல், காந்தம் ஒட்டும். 1939 என்று வருஷம் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அது அபூர்வம், போலிகளும் ஏராளம், எனவே நாணயம் தெரிந்தவரிடம் காட்டாமல் விற்கவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். எந்தக் காசையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வந்த நொடியில் சேகரிப்பவர்களுக்கு அதன் மதிப்புப் பாதியாகிவிடும்.

இன்னொன்று. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வெண்கல விக்கிரகம், தஞ்சாவூர்ப் படம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டிய வகையில் வரும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவே முடியாது. அமெரிக்காவில் இருக்கும் பங்காளி பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினால் விமான நிலையத்தில் நிற்க வேண்டிவரும்.

குஜிரிக்காரர் எடுக்காத சாமானை எங்கே கொண்டுபோவது? இன்வெர்ட்டர் பேட்டரி, பழைய டிவி, மெத்தை, அப்பாவின் மருந்துகள், பி.பி. பார்க்கும் கருவி…
– வாசகர், விவேக் நகர்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் காசு உண்டு, வீணாக்காதீர்கள். 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு ஐம்பது கிலோவைத் தாண்டும். சாய்த்துத் தூக்கினால் ஆசிட் வழிந்து மொசைக்கைத் தின்றுவிடும், இரண்டு பேர் நிமிர்த்தியபடி தூக்க வேண்டும். "ஆசிட்டைக் கொட்டிவிட்டுத் தாருங்கள்" என்று சொல்பவருக்குக் கொடுக்காதீர்கள். பேட்டரிக் கடைக்காரரே பழையதை எடைக்கு எடுத்துக்கொள்வார், ரசீதும் தருவார்.

படக்குழாய் டிவியைத் தெருவில் வைத்தால் உள்ளிருக்கும் செம்புக்காக யாராவது உடைப்பார்கள், கண்ணாடியில் உள்ள காரீயம் சாக்கடைக்குப் போகும். மின்கழிவை உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பெங்களூரில் இ-பரிசரா போன்ற மறுசுழற்சி நிறுவனங்களும், வார்டு உலர் கழிவு மையங்களும் இருக்கின்றன. டிவி, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், வயர் எல்லாம் ஒரே நாளில் சேர்த்து வைத்துக் கூப்பிட்டால் வீட்டுக்கே வர ஒத்துக்கொள்வார்கள். ஒற்றை மிக்ஸிக்கு யாரும் வர மாட்டார்கள்.

பாதரசம் உள்ள பழைய பி.பி. கருவியை மூடியை அழுத்தி மூடி, நிமிர்த்தியபடி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். உடைந்துவிட்டால் துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டாம், துளிகள் சிதறி ஆவியாகும். ஜன்னலைத் திறந்துவிட்டு, இரண்டு அட்டைத் துண்டால் உருட்டிச் சேர்த்து மூடியுள்ள பாட்டிலில் எடுங்கள். இன்சுலின் ஊசிகள் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில், மூடி டேப் ஒட்டி, 'ஊசி' என்று எழுதி அபாயக் கழிவாகத் தனியே போகட்டும். மாத்திரைகளை டாய்லெட்டில் கொட்டாதீர்கள். பிரிக்காத, காலாவதியாகாத மருந்தை அருகிலுள்ள தர்ம ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம்.

காஸ் சிலிண்டர் உங்கள் சொத்து அல்ல, எண்ணெய் நிறுவனத்துடையது. சிலிண்டர், ரெகுலேட்டர், இணைப்புப் புத்தகம், இறப்புச் சான்று நான்கையும் ஏஜென்சியில் கொடுத்தால் டெபாசிட் திரும்ப வரும், அல்லது வாரிசு பெயருக்கு மாறும்.

மெத்தைக்குக் காசு கேட்காதீர்கள், நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இலவம்பஞ்சு மெத்தையானால் பஞ்சு அடிப்பவர் எடுத்துக்கொள்வார். ஃபோம், தேங்காய் நார் மெத்தையை வாங்க ஆளில்லை. இரவோடு இரவாக மூலையில் போட்டுவிட்டு வரலாம் என்று டெம்போக்காரர் சொல்வார். உங்கள் வீட்டு முகவரி எழுதிய கூரியர் கவர் அந்தக் குவியலில் இருந்தால் அபராதம் உங்களுக்குத்தான்.

பின்கட்டுக் கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைத்து இறக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வாங்குபவர் இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போகிறார். எப்படியும் இடிக்கிற வீட்டை ஏன் காலி செய்து, சுத்தம் செய்து தர வேண்டும்?
– வாசகர், பசவனகுடி

சுத்தம் செய்ய வேண்டியதில்லை, பெயின்ட் அடிக்கவே வேண்டாம், அந்தப் பணம் திரும்பாது. காலி செய்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பழைய வீட்டில் நீங்கள் கணக்குப் போடாத பணம் நின்றுகொண்டிருக்கிறது. தேக்கு நிலை, கதவு, கிராதி ஜன்னல், மங்களூர் ஓடு, கடப்பைக் கல் பலகை, செம்பு வயர், இரும்புக் கேட். மெட்ராஸ் டெரஸ் கூரையானால் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த செங்கலுக்குக் கீழே வரிசையாக மர உத்தரங்கள் இருக்கும். பழைய வீடுகளில் அது பெரும்பாலும் தேக்கு. இடிப்பு காண்டிராக்டர்கள் இதையெல்லாம் கணக்கிட்டு, பல வீடுகளுக்கு இடிக்கக் கூலி வாங்காமல் எதிர்ப்பணமே கொடுக்கிறார்கள். அந்தப் பணம் உங்களுக்கா வாங்குபவருக்கா என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது வாங்குபவருடையது.

எனவே ஒப்பந்தம் எழுதுமுன் ஒரு காண்டிராக்டரை அழைத்து மதிப்புக் கேளுங்கள். பிறகு எதெல்லாம் நீங்கள் கழற்றிக்கொள்வீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்: வாசற்கதவு நிலையோடு ஒன்று, ஊஞ்சல் கொக்கியும் சங்கிலியும், சோலார் ஹீட்டர், சம்ப் மோட்டார் என்று. 'பழைய பொருட்கள் விற்பவருக்கு' என்று மொத்தமாக எழுதினால் சண்டைதான். கையெழுத்தான பின், பதிவுக்கு முன் எதையும் கழற்றாதீர்கள். வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்போது கதவில்லாத வீடு இருக்கக் கூடாது. பதிவுக்குப் பின் ஒரு வாரம் என்று தேதி போட்டுக் கழற்றும் உரிமையை எழுதிக்கொள்வதே சுமுகம்.

வயர் உருவுமுன் பெஸ்காம் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். காம்பவுண்டில் உள்ள மரத்தை வெட்டிக் கொடுப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். கர்நாடகத்தில் 1976 மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும், சந்தன மரமென்றால் வனத்துறையும் வரும். அது வாங்குபவர் தலைவலியாகவே இருக்கட்டும்.

பைண்டு பண்ணிய தொடர்கதைகள், பழைய தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு பீரோ நிறைய. பேப்பர் எடைக்குப் போட மனசில்லை.
– வாசகி, ஃப்ரேசர் டவுன்

முதலில் பதிப்பு ஆண்டைப் பார்த்து 1950-க்கு முந்தியதைத் தனியே எடுங்கள். படத்தோடு வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு செய்த தொடர்கதையும் அந்தக் கட்டில் சேரட்டும். பிற்காலப் புத்தகப் பதிப்பில் அந்த ஓவியங்கள் பலவும் வருவதில்லை. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எழுதிய பட்டியலைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். மிச்சத்துக்கு அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம். மூட்டையோடு போய் இறங்காமல் அங்கேயும் பட்டியலைக் காட்டிவிட்டுக் கொண்டுபோங்கள். செல்லரித்ததையும் பூஞ்சை பிடித்ததையும் எந்த நூலகத்துக்கும் கொடுக்காதீர்கள், அது அவர்களின் மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். அவை எடைக்குப் போகட்டும்.

காலி செய்தாயிற்று. விற்க இன்னும் மூன்று மாதம் ஆகலாம். பூட்டிப் போட்டால் போதுமா?
– வாசகர், ராஜாஜி நகர்

போதாது. சம்பைக் காலி செய்து மூடியைப் பூட்டுங்கள். மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு கொசு, மூடி திறந்து கிடந்தால் உயிருக்கே ஆபத்து. மாடித் தொட்டியையும் காலி செய்து, மெயின் வால்வை அடையுங்கள். பாத்ரூம் தரை ஜாலிகளில் உள்ள தண்ணீர் மூன்று நாலு வாரத்தில் வற்றிவிடும். பிறகு சாக்கடை நாற்றமும் கரப்பானும் நேராக உள்ளே வரும், வீடு பார்க்க வருகிறவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். ஒவ்வொன்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி அதன்மேல் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள், ஹாலுக்கும் மோட்டாருக்கும் மட்டும் விட்டு மின் பெட்டியில் உள்ள மற்ற எம்.சி.பி. சுவிட்சுகளை இறக்குங்கள். சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். முன்பணம் வாங்கியதுமே "பூஜை போட வேண்டும்" என்று வாங்குபவர் சாவி கேட்பார். பூஜைக்கு நீங்கள் கூட இருந்து திறந்துவிடலாம், சாவி பதிவன்றுதான். அன்று காலை மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் தேதி தெரியும்படி படமெடுத்து வாங்குபவருக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த எண் வரைக்கும் பில் உங்களுடையது, அதற்குப் பிறகு அவருடையது.